ஸ்டெட்டினில் எழுதிய கடிதம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஃப்ரீட்ரிக்ஸ்ரூ சென்று நீ எடுத்து அனுப்பிய பிஸ்மார்க் கல்லறை மண்டபத்தின் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மனத்துக்கு உகந்த பெண்ணைப் பற்றி நீ எழுதி மூன்று வாரங்கள் ஆகியும் நான் பதில் போடாதிருந்தது தவறு. இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் பிஸ்மார்க்கை ஜெர்மனியை ஒன்றாக்கிய சான்சலராக, அதாவது அரசின் தலைமை அமைச்சராக மட்டுமே நடத்தியிருக்கிறேன்; அவருடைய வீட்டுக்குள் நடந்ததைச் சொன்னதே இல்லை. இந்த நாட்களில் எனக்கு அதுதான் நினைவில் ஓடுகிறது.

1846 டிசம்பரில் அவருக்கு வயது 31. பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தில் பண்ணை பார்த்துக்கொண்டு, குடியும் குதிரையோட்டமுமாகத் திரிந்ததால் ‘பைத்தியக்காரச் சீமான்’ என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவர் ஸ்டெட்டின் நகர விடுதியொன்றில் அமர்ந்து, தாம் மணக்க விரும்பிய யோஹன்னாவின் தந்தை புட்காமருக்குக் கடிதம் எழுதினார். எடுத்த எடுப்பிலேயே பெண்ணைக் கேட்டுவிட்டு, தெய்வ நம்பிக்கையற்றுக் கழிந்த தம் இளமையையும், நண்பரின் மனைவி மரணப்படுக்கையில் கிடந்தபோது பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பிரார்த்தித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். பக்தி மிகுந்த அந்தக் குடும்பம் பிடிகொடுக்காமல் பதில் எழுதவே, அவர்கள் ஊரான ரைன்ஃபெல்டுக்கு நேரிலேயே போய் நின்றார். 1847 ஜூலையில் திருமணம் நடந்தது. 1894இல் யோஹன்னா கண்மூடும் வரை, 47 ஆண்டுகள் இணைபிரியாமல் வாழ்ந்தார்கள்.

மரீ, ஹெர்பர்ட், வில்ஹெல்ம் என்று மூன்று பிள்ளைகள். அவர்கள்மீது அவருக்குப் பாசம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1870 ஆகஸ்டில் பிரான்சுக்கு எதிராக நடந்த மார்ஸ்-லா-டூர் போரில் மகன்கள் இருவரும் குதிரைப்படையில் இருந்தார்கள். ஒருவன் இறந்தான், மற்றவன் காயப்பட்டான் என்று செய்தி வந்ததும் இருட்டில் குதிரையேறித் தேடிப் போனார். தொடையில் குண்டு பாய்ந்த ஹெர்பர்ட்டை ஒரு பண்ணைவீட்டில் கண்டார். இளையவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஹெர்பர்ட்தான் 1881இல் எலிசபெத் என்னும் பெண்ணை மணக்க விரும்பினார். அவர் கத்தோலிக்கர், கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்மார்க்கின் அரசியல் எதிரிகளுக்கு உறவினர். தந்தை அழுதார், இந்தத் திருமணம் நடந்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்றார். விவாகரத்தான பெண்ணை மணக்கும் மகனுக்குக் குடும்பப் பண்ணையில் உரிமையில்லை என்று வாரிசு விதியும் மாறியது. எலிசபெத் வெனிஸில் காத்திருந்தார். ஹெர்பர்ட் போகவில்லை. வேறொரு பெண்ணை அவர் மணந்தபோது வயது 42. அதற்குள் பதினொரு ஆண்டுகள் போயிருந்தன.

பெற்ற பிள்ளைக்காக இருட்டில் குதிரையேறியவர்தான் இதையும் செய்தார் என்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஸ்டெட்டின் கடிதத்தை அவர் அடியோடு மறந்துவிட்டாரா?

அம்மாவிடம் நேற்றிரவு பேசிவிட்டேன், அவளுக்கும் சம்மதமே. அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு நானே முறைப்படி கடிதம் எழுத வேண்டும். அவருடைய முழுப்பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பு. ஜெர்மன் மொழியில் அவரை எப்படி விளித்தால் மரியாதையாக இருக்கும் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா