டியாஸ் ஆஃப்சைடில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2023 அக்டோபர் 2, திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், டாட்டன்ஹாமுடன் நடந்த இங்கிலாந்து லீக் கால்பந்து ஆட்டத்தில் லிவர்பூல் வீரர் டியாஸ் அடித்த கோல் ஆஃப்சைடு (பந்து உதைக்கப்படும்போதே எதிரணித் தற்காப்பைத் தாண்டி நின்றதால் செல்லாது) என்றும், தோற்ற லிவர்பூல் வழக்கம்போல நடுவரைக் குறை சொல்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எழுதியவர் ஆட்டத்தைப் பார்த்தாரா, அல்லது தூங்கி எழுந்து ஸ்கோரை மட்டும் பார்த்தாரா?

நான் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு உட்கார்ந்து கடைசி விசில் வரை பார்த்தேன். லைன்ஸ்மேன் தவறாகக் கொடி தூக்கினார். சரி, ஓடுகிற வேகத்தில் கண் ஏமாறும். ஆனால் டிவி முன்னால் இருந்த வி.ஏ.ஆர். (வீடியோ உதவி) நடுவர், களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ‘பார்த்தாயிற்று, சரி’ என்றாரே; களத்தில் ஆஃப்சைடே உறுதியாகிவிட்டது! ரீப்ளே போடுபவர் விஷயத்தைச் சொல்வதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதாம். இரண்டு நாள் முன்புதான் அமீரகத்தில் ஓர் ஆட்டத்துக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர் அந்த வி.ஏ.ஆர். நடுவர். தவறு என்று நடுவர் அமைப்பே அன்றிரவு ஒப்புக்கொண்டது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நடுவர்கள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவே வெளியானது. இன்றுவரை உங்களிடம் திருத்தம் இல்லை.

18 வருஷம் உள்ளூர் லீக்கில் கொடி பிடித்தவன் நான். ஒருமுறை தப்பாகத் தூக்கிவிட்டு, சைக்கிளை மைதானத்திலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மறுவாரம் தோற்ற அணியிடம் போய் ‘என் தப்புதான்’ என்று சொன்னேன். எனக்கு ரீப்ளே போட யாரும் இல்லை.

நான் லிவர்பூல் ரசிகன் என்று நினைக்க வேண்டாம். என் அணி மான்செஸ்டர் யுனைடெட் அதே நாள் ஓல்ட் டிராஃபோர்டில் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1 என்று மண்ணைக் கவ்வியது. நல்லவேளை, அதை நீங்கள் போடவே இல்லை. முதல் 6 ஆட்டத்தையும் ஜெயித்திருந்த மான்செஸ்டர் சிட்டி, உல்வ்ஸிடம் தோற்றது. ஆஸ்டன் வில்லா பிரைட்டனை 6-1 என்று துவைத்தது. இவற்றுக்கும் இடமில்லை. கிரிக்கெட் வீரர் வலைப்பயிற்சிக்கு வந்திறங்கினால் நான்கு பத்திப் படம் உண்டு. டாட்டன்ஹாம் என்ற பெயரை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக அச்சடித்தது பற்றிப் போன வருஷம் எழுதினேன். பதில் இல்லை, தபால் தொலைந்திருக்கும்.

9 பேரை வைத்துக்கொண்டு 96-வது நிமிடம் வரை தாக்குப்பிடித்து, தங்கள் வீரர் மேட்டிப்பின் சேம்சைடு கோலில் தோற்றவர்களை ‘வழக்கம்போல’ என்று எழுதக் கை வந்ததே, அதுதான் தாங்கவில்லை.

திருத்தம் போட மனமில்லையென்றால் போகட்டும். திங்கட்கிழமைப் புள்ளிப் பட்டியலையாவது பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
சென்னை