வெயிலில் போடாதே

அன்பு நண்பா,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபப்பட்டது நியாயம்தான். மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் சுகம். மற்ற கதை அப்புறம். நேற்று ராத்திரி படிப்பகத்தில் முழங்கால் தண்ணீர் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. தபாலில் போட்டால் பூசணம் முந்திக்கொள்ளும், வாட்சப்பிலேயே அனுப்புகிறேன். பாதியில் விடாமல் படி.

நனைந்த புத்தகங்களை வெயிலில் போடாதே. ஊர்க்காரர்கள் நல்ல மனசோடு திடலில் பாய் விரிக்க வருவார்கள். தண்டல் பெரியப்பா, ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் அடுக்கலாம் என்பார். கித்தா ரப்பர் ஷீட் காய்வது வேறு, புத்தகம் காய்வது வேறு. சூட்டில் அட்டை வளையும், முதுகுப் பசை விட்டுப்போகும், தாள் அலையலையாகச் சுருங்கும். 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு பெருகி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்துக்குள் புகுந்தபோது, வேறு வழியில்லாமல் புகையிலை உலர்த்தும் கொட்டகைகளுக்குப் புத்தகங்களை அனுப்பினார்கள். இன்றைக்கு இப்படி நடந்தால் நூலகர்கள் முதலில் தேடுவது உறைய வைக்கும் ஐஸ் அறையைத்தான்.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் 48 மணி நேரத்துக்குள் பூசணம் கிளம்பிவிடும். அதற்குள் அத்தனையையும் உலர்த்த முடியாது. மைனஸ் 18 டிகிரியில் உறைந்துவிட்டால் பூசணம் சாகாது, ஆனால் வளராது, மையும் ஓடாது. பிறகு மாசக்கணக்கில் பத்துப் பத்தாக எடுத்து உலர்த்தலாம். பாசார் மீன்கடை முதலாளி தவுக்கேயிடம் இன்று காலையிலேயே அவர் ஐஸ் அறையில் ஒரு மூலை கேள். உன்மேல் அவருக்குப் பழைய கோபம் இருக்கிறதென்றால் உன் தங்கச்சியைப் பேசச் சொல். மீன் வாடை ஏறாமலிருக்கப் புத்தகக் கூடைகளைப் பிளாஸ்டிக்கால் மூடு.

மெயின் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கால் வைக்காதே. பூட்ஸும் கையுறையும் வேண்டும். வெள்ளத்தில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், அந்தக் காய்ச்சல் ஆளையே கொல்லும். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பி இறுகியிருக்கும். முதுகின் மேல்நுனியைப் பிடித்து இழுத்தால் அது பிய்ந்து கையோடு வரும். இரண்டு பக்கப் புத்தகங்களையும் உள்ளே தள்ளி, நடுவைப் பிடித்து எடு. மூடிக் கிடப்பதைத் திறக்காதே, திறந்து கிடப்பதை மூடாதே. சேற்றைத் தேய்த்தால் மண் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், அப்படியே விடு.

ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி, காய்கறி வரும் பிளாஸ்டிக் கூடையில் முதுகு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வை. இடையில் ஒரு விரல் நுழையட்டும். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று பென்சிலால் சீட்டு எழுதிப் போடு. பேனா மை அழிந்துவிடும். கூடைக்கு இரண்டு பேர் வேண்டும், ஈரப் புத்தகம் கல் கனம் கனக்கும்.

முதல் கூடையில் கும்பாபிஷேக மலரும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களும் போகட்டும். அந்த வழவழப்புத் தாளின் மேல் களிமண் பூச்சு இருக்கிறது. ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது செங்கல், யாராலும் பிரிக்க முடியாது. அதனால் அவற்றைக் காயவே விடாதே. ஈரத்தோடு சுற்றி, மத்தியானத்துக்குள் ஐஸ் அறைக்கு ஏற்று.

அடுத்தது தோட்டத்துச் செக்ரோல்கள், அதாவது ஆள் பேர் பதிந்த சம்பளப் பதிவேடுகள். ஊற்றுப்பேனா மை, கழுவினால் பேர்கள் கரைந்துவிடும். நம்ம தாத்தாக்கள் பால் வெட்டியதற்கு வேறு எங்கேயும் சாட்சி கிடையாது, நண்பா. பிறகு தமிழ் நேசன் பைண்டுகள். 1924-இல் தொடங்கிய பத்திரிகை 2019-இல் நின்றுபோயிற்று. இனி வாங்க முடியாது. நாவல்கள் கடைசி. அவை கோலாலம்பூர்க் கடையில் கிடைக்கும்.

ஓரம் மட்டும் ஈரமானவற்றுக்கு ஐஸ் வேண்டாம். மேசையில் விசிறிபோல் நிறுத்து. காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பு. நேராக அடித்தால் தாள் சுருளும். இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடாத வெள்ளைத் தாள் வைத்து, ஈரமேற ஏற மாற்று. நிறையத் திணித்தால் முதுகு உடையும். பழைய பேப்பரை வைக்காதே, மை ஒட்டும். ஒட்டிக்கிடக்கும் படங்களைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு வை. பிரிந்ததும் முகம் மேலே இருக்கக் காயவை.

மெழுகுத்தாள் ஆறு ரோலோடு பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் கூடை சேர்த்து வை. பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், ஒரு கைகூட வீணாகக்கூடாது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்