அட்டிகை எங்கள் ஊருக்குப் புதிதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் பெண்கள் இணைப்பிதழில் ‘சோக்கர்’ பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு. ஆனால் நடுவில், கழுத்தை ஒட்டிப் போடும் இந்த நகை 90களில் ஆங்கிலப் படங்களைப் பார்த்து நம் பெண்களிடம் வந்தது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 90களில் வந்தது தோலோடு ஒட்டும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் வலை. கழுத்தை ஒட்டிய நகை என் அப்பத்தா காலத்திலேயே இங்கே இருந்தது. அதற்குப் பெயர் அட்டிகை. தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களும் கிட்டத்தட்ட இதே பெயரைத்தான் சொல்வார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 71. கோபிசெட்டிபாளையத்தில் 1951இல் என் அப்பா ஒரு போட்டோ ஸ்டூடியோ தொடங்கினார். 1967இல் பள்ளிக்கூடத்தை நிறுத்திய கையோடு நான் அதில் வேலைக்கு உட்கார்ந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசுவது என் வேலை. படம் எடுக்க வரும் பெண்களுக்குத் தலை சீவி, முந்தானை மடித்து, அட்டிகையைக் கழுத்துக்குச் சரியாக ஏற்றிக் கட்டிவிடுவதும் நான்தான். பழைய அட்டிகைக்குக் கொக்கி கிடையாது. இரண்டு முனையிலும் வளையம் இருக்கும், அதில் பட்டுக்கயிறு ஓடும். பின்னால் முடிச்சை இழுத்தால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். எத்தனையோ நூறு பெண்களின் பிடரியில் அந்த முடிச்சை நான் இழுத்திருக்கிறேன். முன்பக்கம் குழியில் உட்கார வேண்டும். ஒரு விரல் கீழே இறங்கினாலும் படத்தில் கழுத்து வெறுமையாகத் தெரியும். ஒரு விரல் மேலே ஏறினால் ஆளுக்கு மூச்சு முட்டுவதுபோல் முகம் மாறிவிடும்.

கட்டுரையில் பிரெஞ்சு ஓவியர் மானே வரைந்த ‘ஒலிம்பியா’ படத்தை, கழுத்தில் கறுப்பு நாடா மட்டும் கட்டிப் படுத்திருக்கும் பெண்ணின் படத்தை, போட்டு, ஐரோப்பாவில் இது கணிகையர் அடையாளம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஓவியம் வரையப்பட்டது 1863. பாரிஸில் காட்சிக்கு வைத்தது 1865. ஊரே திட்டியது என்பது சரிதான். ஆனால் அதே 1863இல்தான் டென்மார்க் இளவரசி அலெக்சாண்ட்ரா, பின்னாளில் ஏழாம் எட்வர்டு ஆன இங்கிலாந்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டு லண்டனுக்கு வந்தார். அந்த அம்மாளின் போட்டோக்களைப் பாருங்கள். கழுத்து நிறைய, தாடை வரைக்கும், முத்து வரிசை வரிசையாக இருக்கும். அவரைப் பார்த்துத்தான் பிரபு வீட்டுப் பெண்கள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரு கழுத்தில் கறுப்பு நாடா, ஒரு கழுத்தில் முத்து. இதில் எதை அடையாளம் என்று எடுப்பீர்கள்?

அலெக்சாண்ட்ராவுக்குச் சிறு வயதில் கழுத்தில் அறுவை செய்த தழும்பு இருந்தது, அதை மறைக்கவே அப்படிப் போட்டார் என்று சொல்வார்கள். கோவையில் ஃபேஷன் டிசைன் படிக்கும் என் பேத்தி இதை எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்குக் கடம்பூர் மலையிலிருந்து வந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். கழுத்தின் வலப்பக்கம் சுடுதண்ணி கொட்டிய தழும்பு. ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைக் கழுத்துவரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூடியோ அட்டிகையை எடுத்துக் கட்டி, வலப்பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு முந்தானையை விட்டுவிட்டாள். அந்தப் படத்தில் அவள் தோள் நிமிர்ந்து இருக்கும். ஒரு ராணியும் ஒரு மலைக்காட்டுப் பெண்ணும் ஒரே காரணத்துக்காக ஒரே நகையைக் கட்டியிருக்கிறார்கள் என்று பேத்தியிடம் சொன்னேன்.

ஸ்டூடியோ அட்டிகை என்றேன் அல்லவா, அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன்.

1952இல் அப்பா ஒரு சிதம்பரம் கவரிங் அட்டிகை வாங்கி, உடைமாற்றும் அறையில் ஆணியில் மாட்டி வைத்தார். நடுவில் பூப்போல ஒரு பதக்கம், இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது சிவப்புக் கல், அடியில் முத்துத் தொங்கல். நகை இல்லாதவர்கள் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. பாரியூர் குண்டம் நோம்பி முடிந்த மறுநாள் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். நெல் அறுக்கிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், புதுச்சேலையும் மஞ்சள் பூசிய முகமுமாக வருவார்கள். அந்த ஒரே அட்டிகை காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவர் கழற்றிக் கொடுக்கும்போதும் அது சூடாக இருக்கும்.

இன்றைக்கும் கோபி, நம்பியூர், சத்தி பக்கம் கல்யாணம் காட்சிக்குப் போனால், தெரியாத வீட்டுச் சுவரில் அந்த அட்டிகையைப் பார்த்துவிடுவேன். சாதி வேறு, ஊர் வேறு, முகம் வேறு, அட்டிகை மட்டும் எங்களுடையது. பெயரன் பெயர்த்திகள் ‘இது எங்க ஆயா போட்டிருந்த நகைங்க’ என்று காட்டுவார்கள். ‘ஆமாங் கண்ணு’ என்பேன். ஆயா போட்டிருந்தது உண்மைதானே.

வண்ணம் பூசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய படத்தைப் பார்த்து நகையைப் பற்றி முடிவு கட்டுகிறவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். அப்பா தொடக்கத்தில் பயன்படுத்தியது ஆர்த்தோ பிளேட்டும் ஆர்த்தோ பிலிமும். அதற்குச் சிவப்பு நிறம் தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டே கழுவ முடிந்தது. சிவப்பு தெரியாத பிலிமில் கெம்புக்கல் கறுப்பாக விழும். நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் ஒருவர் தன் அம்மாவின் பழைய படத்தைக் கொண்டுவந்து கலர் போடச் சொன்னார். கல் கறுத்திருந்ததைப் பார்த்து, மரகதம் ஆக்கும் என்று நானாகவே பச்சை அடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தவர் முகம் வாடிப்போயிற்று. “அம்மிணி, எங்கம்மா போட்டிருந்தது செவப்புக் கல்லு. இது வேற ஆரோ மாதிரி இருக்குது” என்றார். அப்பா எனக்கு ஆர்த்தோ பற்றி விளக்கியது அன்றைக்குத்தான். வேறு பிரிண்ட் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து திருப்பிச் செய்தேன். முதலில் மஞ்சளை நீர்க்க ஓட்டுவது, அது காய்ந்த பிறகு கல்லின் மேல் சிவப்பு, ஒவ்வொரு கல்லிலும் ஊசிமுனை அளவு வெள்ளையை விட்டுவிடுவது. அந்த வெள்ளை இல்லாவிட்டால் கல் குங்குமப்பொட்டு ஆகிவிடும். அதன்பிறகு கேட்காமல் ஒரு கல்லுக்கும் நான் வண்ணம் தொட்டதில்லை.

அந்த வேலை பழகியதால்தானோ என்னவோ, ஒலிம்பியாவின் கறுப்பு நாடாவைப் பார்த்ததும் மானேயின் கை எனக்குப் புரிந்தது. வெளுத்த உடம்பின் மேல் ஒரே இழுப்பில் கறுப்பு. அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் தலையும் உடம்பும் ஒரே வெளுப்பில் கரைந்து போயிருக்கும். படத்துக்கு உட்கார்ந்த விக்டோரின் மூரான் என்ற பெண்ணும் ஓவியர்தான், பாரிஸ் கண்காட்சியில் அவர் வரைந்தவையும் வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. போட்டிருக்கலாம். அதே காலத்துப் பாரிஸ் ஓவியர் தேகா வரைந்த நடனப் பெண்கள் கழுத்திலும் இதே கறுப்பு நாடாதான். அதுவும் ஒரு சாண் துணி, யாரும் வாங்கக்கூடியது.

பேத்தி காட்டிய படங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வியன்னாவில் கிளிம்ட் என்ற ஓவியர் 1907இல் முடித்த, அடேல் பிளாக்பாவர் என்ற பெண்ணின் படம். பொன்தகடு ஒட்டி வரைந்தது, நம் தஞ்சாவூர்ப் படம்போல. தஞ்சாவூர்ப் படத்தில் சாமி கழுத்தில் கல் பதித்து அட்டிகை வைப்பார்கள், இங்கே அடேலின் கழுத்தில் பட்டையாக வைர அட்டிகை. அந்த நகை பிறகு அடேலின் சகோதரி மகள் மரியாவுக்கு 1937இல் கல்யாணச் சீராகப் போயிற்று. மறு வருடமே நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்து அதைப் பறித்துக்கொண்டார்கள். நாஜித் தலைவர்களில் ஒருவரான கோயரிங்கின் மனைவி கைக்குப் போனதாகச் சொல்கிறார்கள். படத்தையும் பிடுங்கினார்கள். மரியா வழக்காடி 2006இல் படத்தைத் திரும்பப் பெற்றார், அப்போது அவருக்கு 90 வயது. அட்டிகை வரவே இல்லை. அது எப்படி இருந்தது என்று உலகம் பார்ப்பது அந்தப் படத்தில்தான்.

எங்கள் வீட்டிலேயே இப்படி ஒன்று நடந்தது. என் தங்கையிடம் எங்கள் அம்மாவின் கெம்பு அட்டிகை இருந்தது. அவள் மகள் புது நகைக்காக அதை ஒரு கடையில் மாற்றினாள். நானும் கூடப் போயிருந்தேன். பழைய வேலையில் கல்லுக்கு அடியில் அரக்கு நிரப்பியிருப்பார்கள். கல்லைத் தோண்டி எடுத்து, அரக்கை உருக்கித் தள்ளி, மிச்சத் தங்கத்தை எடை போட்டார்கள். கல்லும் அரக்கும் கழித்தால் நினைத்ததில் பாதிதான் வந்தது. கற்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, அவளுக்குத் தேவை இருந்தது. அழிப்பதற்கு முன்னால் ஒரு படம், முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று, எடுத்துவைக்க எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். இத்தனை வருடம் போட்டோக் கடையில் இருந்தவள் நான். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. தங்கள் வாசகியர் நகையை மாற்றப் போகும்போது ஐந்து நிமிடம் அதற்கு ஒதுக்கட்டும்.

இன்னும் ஒன்று. இந்த நகை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போவதோடு சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலுக்கும் ஒருமுறை போய் வரலாம். பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று பாடிய ஊர் அதுதான் என்கிறார்கள். அங்கே 1985 முதல் பல முறை அகழ்ந்ததில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைக்கும் நீலப்பச்சைக் கல்லை இங்கே அறுத்து, பட்டை தீட்டி, துளையிட்டிருக்கிறார்கள். பாதியில் உடைந்த மணியும் துளை முடியாத மணியும் கிடைத்திருக்கின்றன. ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் குவியலாக இருந்தன. நூல் மக்கிவிட்டது, மணி மட்டும் இருக்கிறது. அது கழுத்தை ஒட்டிக் கிடந்ததா, மார்பில் தொங்கியதா என்று மணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோர்த்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த இதழில் அந்த 90கள் வரியைத் திருத்தி, அட்டிகை என்ற பெயரை ஒருமுறையாவது அச்சில் போடுங்கள். கடைக்காரர்கள் இப்போது அட்டிகையையே ‘ஆன்டிக் சோக்கர்’ என்று எழுதி மாட்டுகிறார்கள். வாங்க வரும் சின்னப் பெண்களுக்கு அந்தப் பெயர் தெரியாமலே போகும்.

இரண்டாவது, எனக்காக. ஸ்டூடியோவை 2004இல் மூடியபோது மற்ற சாமான்களைக் கொடுத்துவிட்டேன், கவரிங் அட்டிகையை மட்டும் வைத்துக்கொண்டேன். முலாம் போய்ச் செம்பு தெரிகிறது. பதக்கத்துக்கு இடப்பக்கம் மூன்றாவது கல் இல்லை. அது விழுந்தது 1974 தை மாதம், ஒரு குழந்தை பிடித்து இழுத்தது. அதனால் உங்கள் வீட்டுப் படத்தில் ஆயாவோ அத்தையோ பூப்பதக்கமும் முத்துத் தொங்கலும் வைத்த அட்டிகை போட்டிருந்தால், இடப்பக்கம் மூன்றாவது இடத்தைப் பாருங்கள். கல் இருந்தால் படம் 74க்கு முந்தியது, இல்லாவிட்டால் பிந்தியது. நான் சில படங்களில் அந்த இடத்திலும் சிவப்புப் பொட்டு வைத்து நிரப்பியிருக்கிறேன். அப்படி நிரப்பியதில் மட்டும் வெள்ளைப் புள்ளி இருக்காது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் எண் இருக்கும். அந்த எண்ணையும், படத்தில் இருப்பவர் பெயரையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால், எனக்குத் திருப்பிவிடுவீர்களா? ஸ்டூடியோ நோட்டில் எண்ணும் தொகையும் மட்டும்தான் இருக்கின்றன. பெண்கள் பெயரை நாங்கள் எழுதி வைக்கவில்லை.

தங்கள் நெடுநாள் வாசகி,
கோபிசெட்டிபாளையம்