விடுப்பின்றி வராதவரும் படையை உதறிச் சென்றவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படைகளைப் பற்றிய செய்திகளில் 'ஏவால்' என்ற ஆங்கிலச் சொல் வரும்போது, நம் நாளிதழ்கள் பல நேரங்களில் 'படையிலிருந்து தப்பியோடியவர்' என்று எழுதிவிடுகின்றன. 'ஆப்சென்ட் வித்அவுட் லீவ்' என்பதன் சுருக்கமான அச்சொல்லுக்கு, விடுப்புப் பெறாமல் பணியிடத்தில் இல்லாதிருத்தல் என்பதே பொருள். படையை உதறிவிட்டு ஓடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டெசர்ஷன்' என்ற வேறு சொல் இருக்கிறது. சட்டமும் அதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கும்போது, ஒரு வீரர்மீது அவருடைய படையே இன்னும் சுமத்தாத பழியை நாம் சுமத்திவிடுகிறோம்.

அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத் தொகுப்பில் ஓடிப்போதல் 85ஆம் பிரிவிலும், விடுப்பின்றி இல்லாதிருத்தல் 86ஆம் பிரிவிலும் வருகின்றன. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டமும் இவற்றை முறையே 8, 9 ஆகிய பிரிவுகளில் தனித்தனியாகவே கூறுகிறது. அமெரிக்கச் சட்டப்படி, குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்குப் பணிக்குச் செல்லத் தவறியவர்கூட 86ஆம் பிரிவுக்குள் வந்துவிடுவார். போர்க்காலத்தில் ஓடிப்போனவருக்கோ மரண தண்டனை வரை விதிக்க 85ஆம் பிரிவு இடம் தருகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது சென்றவருடைய நோக்கமே. 30 நாள்கள் தொடர்ந்து வராதவரை அமெரிக்க ராணுவம் நிர்வாக அளவில் ஓடிப்போனவர் பட்டியலில் சேர்த்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த நாள்கணக்கு மட்டும் ராணுவ நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபித்துவிடாது. இனித் திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடுதான் அவர் சென்றாரா என்று பார்ப்பார்கள். தொலைதூர ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தாரா, சீருடையை வீசியெறிந்தாரா, தாமாகச் சரணடைய வாய்ப்பிருந்தும் சரணடையாமல் இருந்தாரா என்பவை அவருக்கு எதிராகப் பேசும். விலையுயர்ந்த உடைமைகளைத் தம் படைப்பிரிவிலேயே விட்டுச் சென்றிருந்தால், திரும்பிவரும் எண்ணம் அவருக்கு இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகலாம். இத்தனை கவனத்தோடு நீதிமன்றம் ஆராய்கிற ஒன்றைத் தலைப்பிலேயே நாம் தீர்மானித்துவிடுவது சரியா?

எடி ஸ்லோவிக் என்ற அமெரிக்க வீரர் 1945 ஜனவரி 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் ஓடிப்போன குற்றத்துக்காக அமெரிக்கா மரண தண்டனையை நிறைவேற்றியது அவர் ஒருவருக்கு மட்டுமே. போர்முனைக்கு அனுப்பினால் மறுபடியும் ஓடிவிடுவேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருந்ததால், நோக்கத்தைப் பற்றி அங்கே ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு அளித்தது. குண்டுவீச்சின் அதிர்ச்சியால் மனம் நிலைகுலைந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதுவரை அவர்களுடைய குடும்பங்கள் அந்தப் பழிப்பெயரைச் சுமந்தே வாழ வேண்டியிருந்தது. ஆகவேதான் இதைச் சிறிய மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்கள் 'ஏவால்' என்ற சொல்லை மிகத் தளர்வாகவும் ஆள்கிறார்கள். கூட்டத்துக்கு வராத அதிகாரி, மேசையிலிருந்து மாயமான கோப்பு என எல்லாவற்றுக்கும் அது பொருந்திவிடும். அங்கெல்லாம் 'ஆளைக் காணோம்', 'எங்கே போயிற்று என்றே தெரியவில்லை' என்று எழுதினால் போதும். படைவீரரைப் பற்றிய செய்தியில் மட்டும் 'காணாமல் போனவர்' என்பதும் பொருந்தாது; போர்க்களத்தில் என்ன ஆனார் என்று தெரியாதவர்களை அச்சொல் குறிக்கும். ஓடிப்போனதாகக் குற்றச்சாட்டு பதிவாகும் வரை 'விடுப்பின்றிப் பணிக்கு வராத வீரர்' என்றே எழுதுமாறு தங்கள் செய்திப் பிரிவினருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். தலைப்பில் இடம் போதாதபோது 'அனுமதியின்றி வராத வீரர்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்