பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த செப்டெம்பரில் என் மகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனாள். முகவர் நிலையத்தில் அவளுக்கு மூன்று நாள் வகுப்பு. கூடப் போன எங்களுக்கு ஒரு கதிரையும் பிளேன்ரீயும், அவ்வளவுதான்.

விசாவுக்குக் காட்டும் பணம் 28 நாட்கள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. 20ஆம் நாள் குளிர்ச்சட்டை வாங்கக் காசு எடுத்தேன், தொகை குறைந்துபோனது. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினோம்.

பிறகு பெட்டி. வீட்டுத் தராசில் நாலு தரம் நிறுத்தோம். மாமி உருக்கித் தந்த நெய்ப் போத்தல் துவாயில் சுற்றி உள்ளே இருந்தது. இங்கிருந்து இறைச்சியோ பாற்பொருளோ அந்நாட்டுக்குக் கொண்டுபோக முடியாதென்று கடைசி நாள் பக்கத்து வீட்டுப் பையன்தான் சொன்னான். மிளகாய்த்தூள் தப்பியது.

நேரக் கணக்கும் அப்படித்தான். கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம், ஒக்டோபர் கடைசியில் ஐந்தரையாகிவிடும். காலை ஆறு மணிக்கு அழைத்துவிட்டு, பிள்ளை எடுக்கவில்லையே என்று அழுதிருக்கிறேன். அங்கே நடுச்சாமம்!

கொழும்புத் தமிழ்ச் சங்கமோ பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களோ, ஏற்கெனவே பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரை அழைத்து, ஒரு சனிக்கிழமை தமிழில் இவற்றைச் சொல்லித் தந்தால் என்ன? நெய்யைப் பற்றிப் பேச நான் வருகிறேன்.

ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.