எம்-சாண்டில் படிந்தது சேறா, கல்தூளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவர்ப் பூச்சு வெடித்ததற்கு எம்-சாண்ட்தான் காரணம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். கண்ணாடிக் குடுவையில் மணலையும் தண்ணீரையும் குலுக்கி வைத்தபோது மேலே 12 சதவீதம் ‘சேறு’ படிந்ததாகவும், 8 சதவீத வரம்பைத் தாண்டியதால் அது கலப்படம் என்றும் செய்தி முடிவு கட்டியிருந்தது. அந்த முடிவு தவறு.

குடுவைச் சோதனை ஆற்று மணலுக்கானது. அங்கே மேலே படிவது களிமண்ணும் வண்டலும். பாறையை உடைத்துச் செய்யும் செயற்கை மணலான எம்-சாண்டில் படிவது பெரும்பாலும் கல்தூள். களிமண் தண்ணீரில் உப்பும். மணல் பருக்கையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சிமென்டைப் பிடிக்கவிடாது. கல்தூள் உப்பாது. அளவோடு இருந்தால் கான்கிரீட்டில் சந்துகளை அடைக்கும். அதனால்தான் கான்கிரீட் மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016), 75 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுண்ணிய தூளை இயற்கை மணலில் 3 சதவீதம் வரையிலும், உடைகல் மணலில் 15 சதவீதம் வரையிலும் அனுமதிக்கிறது. அதுவும் எடைக் கணக்கு. குடுவையில் தளர்ந்து படியும் அடுக்கோ எடையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

முறையான சோதனை இதுதான்: மாதிரியை 110 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி எடைபோட்டு, 75 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் தெளியும்வரை கழுவி, மறுபடி உலர்த்தி எடைபோட வேண்டும். கழுவியதில் எவ்வளவு எடை குறைந்ததோ, அதுதான் தூள். அதில் களிமண் உண்டா என்பதை மெத்திலீன் நீலச் சாயச் சோதனை காட்டிவிடும். மேல்மண்ணை முழுக்க அகற்றாமல் பாறையை உடைத்தால் எம்-சாண்டிலும் களிமண் வரும். அது உற்பத்தியாளரின் குற்றமே; அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் கிரஷர் டஸ்ட், எம்-சாண்ட் என்ற பெயரில் லாரி ஏறுவதும் உண்மை. எம்-சாண்ட் வி.எஸ்.ஐ. எனப்படும் மோதி உடைக்கும் இயந்திரத்தில் கல்லோடு கல் மோதி முனை மழுங்கி, சலித்து, கழுவி வருவது. டஸ்ட்டில் சப்பையும் ஊசியுமான பருக்கைகள் அதிகம். தூளும் கழுவப்படாமல் அப்படியே இருக்கும். ஒவ்வொரு லோடுக்கும் சல்லடைப் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குவது வீடு கட்டுபவரின் உரிமை.

செய்தியில் விடுபட்ட முக்கியமான விஷயம், அந்தச் சுவருக்கு எந்த மணல் போனது என்பது. பூச்சுக்கு உரியது 2.36 மி.மீ.க்குக் கீழான, நன்றாகக் கழுவிய பி-சாண்ட் எனும் பூச்சு மணல். பல இடங்களில் கான்கிரீட் எம்-சாண்டையே சலித்துப் பூசிவிடுகிறார்கள். 100 கிலோவில் 12 கிலோ தூள் உள்ள மணலைச் சலித்து, 25 கிலோ பெரும்பருக்கையைக் கழித்தால், மீதி 75 கிலோவில் அதே 12 கிலோ தூள் இருக்கும். அதாவது 16 சதவீதம். சலிப்பதால் மணல் சுத்தமாவதில்லை, தூளின் பங்குதான் ஏறுகிறது. தூள் கூடினால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். அந்தத் தண்ணீர் வற்றும்போது பூச்சு சுருங்கி வலைபோல வெடிக்கும்.

இதோடு, ஈரம் உறிஞ்ச மேலே வெறும் சிமென்டைத் தூவி இழைப்பது, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவது, ஒரே தடவையில் 20 மி.மீ. கனத்துக்குப் பூசுவது, 7 நாள் நீராற்றாமல் விடுவது ஆகியவையும் சேர்ந்தால் எந்த மணலாக இருந்தாலும் வெடிக்கும். விரிசல் தூணும் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடினால், அங்கே பூச்சைப் பிடித்துவைக்கும் கோழிவலை (கம்பிவலை) அடித்தார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவரின் மணல் மிச்சம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கழுவிச் சலித்துப் பார்த்து, வரும் எண்களை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தூள் வரம்பைத் தாண்டினாலும், களிமண் இருந்தாலும் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
எம்-சாண்ட் உற்பத்தியாளர்கள்