சண்முகத்துக்கு, வெள்ளிக் கிரகம் விஷயமாக

கடலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பீர்கள். பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று மரியதாஸ் மகனிடம் நீ குறைப்பட்டுக்கொண்டது காதுக்கு வந்தது. அவனிடம் போய்ச் சொல்லலாமா? அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். இங்கே என் முட்டிவலி அப்படியே இருக்கிறது, சரோஜா என்னைத் திட்டுவதும் அப்படியே. பேத்தி நாலாங்கிளாஸ் போகிறாள். குசலம் முடிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு படம் ஃபார்வர்டு பண்ணினாயே, மஞ்சள் வானம், தட்டைத் தட்டையாகக் கல், கீழே பல் பல்லாக ஓர் இரும்பு வளையம். "நாசா எடுத்த அபூர்வ வெள்ளிக் கிரகப் படம், பத்துப் பேருக்குப் பகிரவும்." சண்முகம், உனக்கு எழுபது வயது ஆகிறது. இன்னும் அமெரிக்கா பக்கம் நிற்கிற கென்னடி கட்சிதானா? சுப்பையா சார் உனக்கு வைத்த பேர் வீண்போகவில்லை.

நாசா இன்றுவரை வெள்ளியின் தரையில் ஒரு காமிராவையும் வைத்ததில்லை. அது ரஷ்யாக்காரன் அனுப்பிய வெனிரா 13 விண்கலம் எடுத்த படம். தேதி 1982 மார்ச் 1. முப்பத்திரண்டு நிமிஷம் தாங்கினால் போதும் என்று செய்து அனுப்பினார்கள். 457 டிகிரி சூட்டில் உட்கார்ந்துகொண்டு அது 127 நிமிஷம் வேலை பார்த்தது. வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருப்பேன், ஆனால் எனக்குக் கட்டைவிரலில் திட்ட வராது. அதனால்தான் பேனா.

நெய்வேலியில் முதல் அனல் நிலையத்தில் ரஷ்யாக்காரன் பாய்லரோடு நான் மாரடித்தது உனக்குத் தெரியும். அதனால் இந்தக் கதை மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது. வெள்ளியின் தரையில் அழுத்தம் நம் ஊரைப்போல் சுமார் 90 மடங்கு, சூடு 460 டிகிரிக்கு மேலே கீழே. மெயின் ஸ்டீம் லைனுக்குள் ஒரு ரேடியோவை வைத்து மூடிவிட்டு, உள்ளேயிருந்து செய்தி வாசி என்று சொல்வது போன்ற வேலை. அந்த லைனில் ஒரு கேஸ்கெட் கசிந்தால் நாங்கள் எப்படி ஓடுவோம் என்று கேள். இவர்கள் அதற்குள்ளேயே ஒரு பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினார்கள்.

யார் இவர்கள் என்பதுதான் கொஞ்ச நாளாக என் தலையைக் குடைகிறது. சின்ன வயதில் ரஷ்யாக்காரன் பத்திரிகை 'சோவியத் நாடு' பக்கங்களைக் கிழித்துத்தானே நோட்டுக்கு அட்டை போட்டோம்? அந்த வழவழப்புக் காகிதத்தில் ராக்கெட் இருக்கும், கோதுமை வயல் இருக்கும், விண்வெளி வீரர் சிரிப்பார். செய்தவன் பேர் இருக்காது. அந்த ராக்கெட்டுகளைச் செய்த கொரோலேவ் பேரையே 1966 ஜனவரி 14இல் ஆபரேஷன் மேஜையில் அவர் செத்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அதுவரை வெறும் 'தலைமை வடிவமைப்பாளர்'. 1938இல் பிடித்துக்கொண்டுபோய் சைபீரியாவின் கொலிமா சுரங்கத்தில் பல் உதிர வேலை வாங்கிய அதே அரசாங்கம்தான் அவரிடம் ராக்கெட்டும் வாங்கியது. இதைப் பற்றி உன் கட்சி பேசட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

கொரோலேவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். செவ்வாய்க்கு அனுப்ப, உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார்களாம். எடை அதிகம். சரி, முதலில் இங்கே நம் கஜகஸ்தான் புல்வெளியில் வைத்துப் பாருங்கள் என்றாராம். வைத்தார்கள். பூமியில் உயிர் இல்லை என்று அது சொல்லிவிட்டது. தூக்கி வெளியே போடு என்றுவிட்டார். நம் ஸ்டோர்ஸில் வந்து இறங்கிய சில மீட்டர்களுக்கு இந்த வைத்தியம் பார்த்திருந்தால் எனக்குப் பாதி முடி மிச்சமாகியிருக்கும்.

ஆனால் வெள்ளி விஷயத்தில் கொரோலேவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. வெனிரா 1, 1961இல் பாதி வழியிலேயே ஊமை. வெனிரா 3 அவர் செத்து ஆறேழு வாரத்தில், மார்ச் 1 அன்று, வெள்ளியில் போய் மோதியது. இன்னொரு கிரகத்தைத் தொட்ட முதல் மனிதக் கைவேலை. ஆனால் அதற்கு முன்பே பேச்சு நின்றுபோயிருந்தது. பூமியைத் தாண்டாமல் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்ததற்கெல்லாம் 'காஸ்மோஸ்' என்று ஒரு நம்பர் போட்டு, அப்படித்தான் அனுப்ப நினைத்தோம் என்று கமுக்கமாக இருந்துவிடுவார்கள். (சிரிக்காதே. நம் ஊரில் இதற்குப் பேர் 'டிரையல் ரன்'.)

நான் சொல்ல வந்தவர் கொரோலேவ் இல்லை, அவருக்கு அடுத்து வந்தவர். கியோர்கி பபாகின். சந்திரன், செவ்வாய், வெள்ளி வேலை மொத்தத்தையும் 1965இல் லாவோச்கின் தொழிற்கூடத்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே தலைமை வடிவமைப்பாளர் இவர். ஆரம்பத்தில் மாஸ்கோவில் ரேடியோ டெக்னீஷியன். இன்ஜினியரிங் பட்டம் வாங்கியது 1957இல், அதுவும் அஞ்சல் வழியில், நாற்பதைத் தாண்டிய பிறகு. டிகிரி இல்லாதவன் சொன்னால் கேட்கக்கூடாது என்று எங்கள் பிளாண்டில் ஒரு துரை இருந்தாரே, அவருக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பபாகினுக்குப் பேச்சைவிடச் சோதனையில்தான் நம்பிக்கை. மேலே போய் உடைவதெல்லாம் இங்கேயே உடையட்டும் என்று, 500 மடங்கு புவியீர்ப்பு வரை சுழற்றும் மையவிலக்கு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டார். வெள்ளிக் காற்றில் விண்கலம் வருகிற வேகத்தில் போய் இடிக்கும்போது முந்நூறு மடங்குக்கு மேல் அமுக்கும் என்று கணக்கு. இப்படித் தயாரான வெனிரா 4, 1967 அக்டோபர் 18இல் உள்ளே இறங்கியது. இன்னொரு கிரகத்தின் காற்றுக்குள் இருந்து பூமிக்குப் பேசிய முதல் பெட்டி.

அதில் ஒரு சங்கதி இருக்கிறது, இதற்காகவே உனக்கு எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வெள்ளியில் தரை எப்படி இருக்கும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. கடல் இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கடலில் விழுந்தால்? அதனால் பெட்டி மிதக்கிற மாதிரி செய்தார்கள். ஆண்டெனாவைப் பிடித்துவைக்கும் பூட்டைச் சர்க்கரையால் செய்தார்கள். ஆமாம், சர்க்கரை. தண்ணீர் பட்டால் கரையும், பூட்டு விடும், ஆண்டெனா நிமிரும். எவ்வளவு பெரிய ராஜ்யம், எவ்வளவு பெரிய ராக்கெட், கடைசியில் காப்பிக்குப் போடுகிற சாமான். இதை யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் இல்லாமல் போனது அவர் குற்றமா?

93 நிமிஷம் பேசிக்கொண்டே இறங்கியது. 262 டிகிரி, 22 மடங்கு அழுத்தம் என்று சொல்லிவிட்டு நின்றது. தரையைத் தொட்டுவிட்டோம் என்று மாஸ்கோ அறிவித்தது. மறுநாளே உங்கள் ஆட்களின் மரினர் 5 விண்கலம் வெள்ளிக்குப் பக்கத்தில் பறந்துபோனது. இரண்டு கணக்கையும் ஒட்டிப் பார்த்தால் உதைக்கிறது. வெனிரா 4 பேச்சை நிறுத்தியபோது தரைக்கு இன்னும் சுமார் 25 கிலோமீட்டர் இருந்திருக்கிறது. 1969 மே மாதம் வெனிரா 5, 6 இரண்டும் கொஞ்சம் தடித்த சுவரோடும் சின்ன பாராசூட்டோடும் போயின. இன்னும் கீழே போய் நசுங்கின. அவ்வளவுதான்.

அடுத்து பபாகின் செய்ததைப் பார். வெனிரா 7க்கு டைட்டானியம் கூடு. 180 மடங்கு அழுத்தத்துக்கும் 540 டிகிரிக்கும் தாங்குகிற மாதிரி. அழுத்தத்தில் வேண்டியதைப்போல் இரண்டு பங்கு! எடை ஏறியது, அதனால் கருவிகளைக் குறைத்தார்கள். கருவி இல்லாமல் எதற்கு இறங்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் முனகியிருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. பாய்லருக்குத் தண்ணீர் அழுத்தி ஹைட்ரோ டெஸ்ட் பண்ணியவனுக்குத்தான் தெரியும், முதலில் தாங்கட்டும், மற்றது அப்புறம். பாராசூட்டை ஒரு கயிற்றால் பாதி கட்டிவைத்தார்கள். 200 டிகிரியில் கயிறு உருகும், பாராசூட் முழுசாக விரியும். மேலே வேகமாக, கீழே மெதுவாக. மோட்டாரும் இல்லை, சுவிட்சும் இல்லை.

1970 டிசம்பர் 15. பாராசூட் கிழிந்தது. பெட்டி மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. சிக்னல் ஒரு துள்ளு துள்ளியது, பிறகு வெறும் இரைச்சல். போச்சு என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த டேப்பைத் திரும்பப் போட்டு அலசினார்கள். இரைச்சலுக்கு அடியில், பழைய பலத்தில் நூறில் ஒரு பங்காக, சிக்னல் இருந்தது! பெட்டி ஒருக்களித்து விழுந்திருக்கிறது, ஆண்டெனா பூமியைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியும் 23 நிமிஷம் பேசியிருக்கிறது. ஒரு ஸ்விட்ச் மாட்டிக்கொண்டதால் திரும்பத் திரும்பச் சூட்டை மட்டும் சொன்னது. 475 டிகிரி. அந்த ஒன்றை வைத்தே அழுத்தத்தையும் கணக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதக் கடைசியில்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் வெனிரா 7ம் தோல்விப் பட்டியலில் ஒரு வரி.

பபாகின் 1971 ஆகஸ்டில் போய்விட்டார். ஐம்பத்தாறு வயது. நம் மரியதாஸ் போன வயதும் அதுதான். முந்தின நாள் வரை ஷட்டவுன் வேலையில் நின்றவன், 'காலையில் பம்பைப் போடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த பம்பை நான்தான் போட்டேன். இது வரைக்கும் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. வெள்ளித் தரையின் முதல் படத்தை வெனிரா 9 அனுப்பியது 1975 அக்டோபர் 22இல். பேப்பரில் கறுப்பு வெள்ளையில் வந்தது, நீ பார்த்துவிட்டு 'இது யார் வீட்டுக் கொல்லை' என்றாய், ஹாஸ்டலே சிரித்தது. பபாகின் அதைப் பார்க்கவில்லை.

சரி, உன் கட்சிக்கும் ஒன்று கொடுக்கிறேன், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். 1965 ஜூலை, அமெரிக்காவில் பசடேனா, நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம். மரினர் 4 செவ்வாயைப் படம் எடுத்து டேப்பில் வைத்துக்கொண்டு, நொடிக்கு எட்டு பிட் சொச்சம் வேகத்தில் அனுப்புகிறது. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். டேப் ரெக்கார்டர் சரியாக வேலை செய்ததா என்று அதைப் பார்த்துக்கொண்ட ரிச்சர்ட் கிரம்முக்கும் அவர் ஆட்களுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. எண்கள் காகிதப் பட்டையில் அச்சாகி வருகின்றன. அதை நறுக்கி வரிசையாகச் சுவர்ப் பலகையில் ஸ்டேப்ளர் அடித்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று பேஸ்டல் குச்சியால் கையாலேயே வண்ணம் தீட்டிவிட்டார்கள். பழுப்பு, சிவப்பு, மஞ்சள். கம்ப்யூட்டர் படம் வருவதற்கு முன்னாலேயே செவ்வாயின் விளிம்பு சுவரில் நிற்கிறது! இன்னொரு கிரகத்தைப் பக்கத்தில் போய் எடுத்த முதல் டிவி படத்தை, பேத்தி கலர் அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று மேலே உள்ளவர்களுக்குக் கவலையாம். பிறகு பலகையோடு அறுத்துச் சட்டம் போட்டு, டைரக்டர் பிக்கரிங்குக்கே கொடுத்தார்கள். இன்னும் அங்கே மாட்டியிருக்கிறது. எனக்குப் பிடித்துப்போயிற்று, ஒத்துக்கொள்கிறேன். நாசாவில் இப்படி நாலு பேர் இருந்தால் நான்கூடக் கட்சி மாறுவேன்.

காமிரா மூடி விஷயத்தை விட்டுவிட்டேனே. வெனிரா 9இலும் 10இலும் ஆளுக்கொரு மூடி கழலவில்லை, படம் பாதிதான். 1978இல் வெனிரா 11, 12 இரண்டிலும் ஒரு மூடிகூடக் கழலவில்லை, படமே இல்லை. செலிவானோவ் என்ற காமிராக்காரர் அந்த வருஷம் எப்படித் தூங்கினார் என்று யோசித்துப் பார். வெனிரா 14க்கு மூடி அழகாகக் கழன்றது. கழன்று எங்கே விழுந்தது? மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரு கை கீழே வந்து குத்துமே, சரியாக அந்த இடத்தில். கோடிக்கணக்கான கிலோமீட்டர் போய், தாங்கள் கொண்டுபோன மூடியின் கெட்டித்தனத்தை அளந்து அனுப்பினார்கள். சரோஜாவிடம் சொன்னேன். "உங்களை அங்கே வேலைக்கு எடுத்திருந்தார்களா?" என்று கேட்கிறாள்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. உன் மச்சான் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துச் 'சோவியத் நாடு' கட்டு ஒன்று இருந்ததே, இன்னும் இருக்கிறதா பார். அவன் வீட்டை இடிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்குள் எடுத்து வை, 1967இலிருந்து 75 வரை. எலி தின்றது போக இருந்தால் போதும். கூரியர் காசு நான் தருகிறேன். மரியதாஸ் மகனிடம் கொடுத்து அனுப்பாதே, வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டு மறந்து பஸ்ஸில் விட்டுவிடுவான்.

உன்,
ராஜாமணி